செபமாலை அண்ணையும் பாதிரியார் ஓடையும்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். செபமாலை அண்ணை காலமான அன்று பின்னேரம் அவருடைய வீட்டில் என்னைக் கண்டவர்கள் பலர் என் தலையைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பினார்கள். முன்பக்கம் கறுப்பு, பின்பக்கம் வெள்ளை. செய்தி வந்தபோது நான் கிங்ஸ்பரியில் ஒரு சலூன் கதிரையில் இருந்து தலைக்கு டை அடித்துக்கொண்டிருந்தேன். பிறந்ததில் இருந்து என்னுடைய நிறம் இதுதான் என்று இத்தனை வருடமாக எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவன் நான். வால்தம்ஸ்டோவில் செய்தால் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்றுதான் அவ்வளவு தூரம் போனது.

அண்ணையின் மகள் ஷாமினி போன் எடுத்து, "சித்தப்பா, அப்பா இண்டைக்குக் காலமை போயிட்டார்" என்றாள். நான் எழும்பினேன். கழுத்தில் கட்டிய துணியோடு ரியூப் ஏறினேன் என்பது கிறீன் பார்க்கில் மாறும்போதுதான் தெரிந்தது.

ஷாமினிதான் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னவள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்று சொன்னேன். அதுக்கென்ன, கதைக்கிறமாதிரி எழுதுங்கோ என்றாள். அண்ணை பிறந்தது, படித்தது, கலியாணம் முடித்தது எல்லாம் முன்பக்கங்களில் வடிவாக இருக்கின்றன. நான் எழுதப்போவது அவர் கடையின் வான் வண்டியில் இருந்த நேரங்களைப் பற்றி.

அவரைத் தெரியாதவர்களுக்கு: செபமாலை அண்ணை மன்னார்ப் பக்கத்து ஆள். கடற்கரைக் குடும்பம், வேதக்காரர். கட்டையான உருவம். கோடையிலும் கம்பளித் தொப்பி. கண்ணாடியை ஒரு நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார், ஆனால் தேடிக்கொண்டே இருப்பார். வால்தம்ஸ்டோவில் அவர் மீன்கடை திறந்தபோது நான் மீன் வெட்ட வந்து சேர்ந்தேன். கடை அவருடையது, கத்தி என்னுடையது. அவர் மாதா கோயில், நான் ஆர்ச்வே முருகன். அதைப்பற்றி ஒருநாளும் சண்டை வந்ததில்லை. சண்டை எல்லாம் நண்டைப்பற்றித்தான்.

எங்கள் சனத்துக்குச் சந்தையில் வரும் பெரிய நண்டு பிடிக்கவில்லை. சதை இருக்கு, ருசி இல்லை என்று திருப்பிக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே காட்டுவார்கள். ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் சின்ன நண்டு பிடிபடுகிறது, அவ்வளவும் லொறி ஏறி ஸ்பெயினுக்குப் போகிறது என்று யாரோ அண்ணைக்குச் சொன்னார்கள். அடுத்த கிழமையே வானைக் கழுவி, பெட்டிகளை ஏற்றி, என்னையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார்.

கிளாஸ்கோ தாண்டினால் உலகம் மாறுகிறது. மலை, தண்ணீர், செம்மறி. றோட்டில் கொஞ்சத் தூரத்துக்கு ஒரு சின்னப் பாலம், அதன் பக்கத்தில் ஓடையின் பெயர் எழுதிய சின்னப் பலகை. அண்ணை கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"யோகன், உந்தப் பலகையளைப் பாத்தியே? எல்லாத்திலயும் முன்னுக்கு ஒரே பேர்தான் கிடக்கு. ஆல்ட், ஆல்ட் எண்டு."

"ஆரோ காசுக்காரன் அண்ணை. ஓடை முழுக்க வாங்கிப்போட்டுத் தன்ர பேரை எழுதி வைச்சிருக்கிறான்."

நான் பகிடிக்குச் சொன்னது. அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், நண்டு நிறுத்துக்கொண்டிருந்த மனுசியிடம் தொப்பியைக் கழற்றிவிட்டு, மிஸ்டர் ஆல்ட்டை எங்கே சந்திக்கலாம், வியாபாரம் தொடங்குமுன் அவரிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அந்த மனுசி கையில் இருந்த நண்டைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பெட்டிக்கு மேலேயே இருந்து சிரித்தார். அவர்தான் மோராக் அம்மா. நண்டு பிடிக்கிறவரின் மனைவி. இறப்பர் ஏப்ரனும் இடிமாதிரிக் குரலும். அந்தப் பகுதியின் பழைய பாஷையான கேலிக்கைக் கதைத்து வளர்ந்தவர்.

ஆல்ட் என்றால் ஆள் இல்லை, ஓடை. மலையில் இருந்து விழுந்தடித்து ஓடிவருகிற ஓடை. அதைச் சொல்லும்போது அவருடைய வாயில் அவுல்ட் என்று வந்தது. பின்னால் வருவதுதான் அது எப்படிப்பட்ட ஓடை என்று சொல்லும் பெயர். அண்ணை அப்போதே கேட்டார், அப்ப மற்றப் பாதிக்கெல்லாம் என்ன கருத்து என்று. மோராக் அம்மா, நண்டு செத்துப்போகும், அடுத்தமுறை வா, சொல்லுகிறேன் என்றார்.

அப்படித் தொடங்கியது. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் போவோம். நண்டு ஏறினதும் மோராக் அம்மாவின் குசினியில் தேத்தண்ணி. அண்ணை வரும் வழியில் பார்த்த பலகைகளைச் சொல்லிக் கேட்பார். அவர் விளங்கப்படுத்துவார். அடியில் கரிமாதிரி மண் கிடப்பதால் கறுப்பு ஓடை. மாரியில் கரைப்புல் மஞ்சளாகிப் படுத்துவிடுவதால் மஞ்சள் ஓடை. கிழவி ஓடை என்று ஒன்று. எந்தக் கிழவி என்று அண்ணை கேட்டதற்கு, தான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே அது பழைய கிழவி என்றார். பாதிரியார் ஓடை என்று இன்னொன்று. ஒரு பாதிரியார் அதில் மூழ்கிப்போனார் என்று மோராக் அம்மாவின் தாய் சொல்லுவாராம். இல்லை, கால்தான் கழுவினார் என்று தகப்பன் சொல்லுவாராம். அதில் ஒருநாளும் அவர்களுக்குள் தீர்ப்பு வரவில்லையாம். அண்ணைக்குப் பரம சந்தோசம். "பாத்தியே, எங்கட ஆக்கள் இஞ்சையும் வந்து போயிருக்கினம்" என்று என்னை இடித்தார்.

பாறைகளுக்கும் அப்படித்தான். மலையில் செங்குத்தாக நிற்பதற்கு ஒரு சொல், தனிக் கல்லுக்கு ஒரு சொல், கடலில் நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டுகிற பாறைக்கு இன்னொரு சொல். கடைசியைச் சொன்னதும் அண்ணை மேசையில் இருந்த பிஸ்கற்றை எடுத்துத் தேத்தண்ணிக்குள் பாதி தாழ்த்திக் காட்டி, இதை எங்கள் பக்கம் 'பார்' என்று சொல்லுவோம், வலை கிழிகிறதும் அதில்தான், மீன் படுகிறதும் அதில்தான் என்றார். மோராக் அம்மா தலையாட்டினார். இங்கேயும் அதே கதைதான் என்றார். பிஸ்கற் கரைந்து கோப்பைக்குள் விழுந்துவிட்டது. அதையும் அண்ணை கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார்.

ஒரு விசயம் சொல்லவேண்டும். அண்ணை கருத்தை வைத்துக்கொள்வார், பெயரை விட்டுவிடுவார். அந்தப் பெயர்கள் எழுதுவது ஒரு முழம், வாயில் வருவது ஒரு சாண். அதிலும் பாதி தொண்டைக்குள் நடக்கிறது. "பேர் முள்ளுமாதிரி நிக்குதடா. கருத்து வழுக்கிக்கொண்டு போகுது. பேரை விடு, கருத்தைப் பிடி" என்பார். அதனால் எங்கள் றோட்டு முழுவதும் தமிழாகிவிட்டது. கறுப்பு ஓடையில் பெட்டியின் ஐஸ் தண்ணீர் வடிப்பது. கிழவி ஓடையில் நண்டுக்கு ஈரச்சாக்கு மாற்றுவது. மஞ்சள் ஓடையில் ஆள் மாறுவது. அதுவரை நான் ஓட்டுவேன், அதற்குப் பிறகு அவர். இது சட்டம்.

நான் சும்மா இருப்பேனா? லண்டனுக்குள் வந்ததும் நான் தொடங்குவேன். அண்ணை, இது கவுன்சில் ஓடை, குழி தோண்டிப்போட்டு மூடாத இடம். இது சுப்பர்மார்க்கெற் வண்டில் கவிழ்ந்து கிடக்கிற ஆறு. இது றீற்றா அக்கா கோவிச்ச சந்தி. றீற்றா அக்கா என்பது அவருடைய மனைவி. அவர் எங்கே எப்போது கோபித்தாலும் அந்தச் சந்திக்கு நான் பெயர் வைத்துவிடுவேன். அண்ணைக்குக் கோபமே வராது. யோசித்துவிட்டு, "உப்பிடித்தானடா அங்கையும் வைச்சிருப்பினம்" என்பார். பகிடி விடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

இனிச் சொல்லப்போவது பன்னிரண்டு, பதின்மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு மாசி மாதக் காலை.

நல்ல பனி. நண்டு ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறோம், நான் ஓட்டுகிறேன். வழக்கமாக ஒவ்வொரு பாலத்துக்கும் அண்ணை பெயர் கூப்பிட்டுக்கொண்டு வருவார், பஸ் கொண்டக்ரர்மாதிரி. அன்றைக்குச் சத்தம் இல்லை. மஞ்சள் ஓடை வந்தது. நான் வானை ஓரங்கட்டி, அண்ணை, இறங்குங்கோ, உங்கட முறை என்றேன்.

"இனி நீயே ஓட்டு" என்றார்.

அத்தனை வருடத்தில் அவர் தன் முறையை விட்டுக்கொடுத்ததே இல்லை. காய்ச்சலோடும் ஓட்டியவர். திரும்பிப் பார்த்தேன். வெளியே உறைகிற குளிர், அவருடைய கழுத்தில் வியர்வை ஓடுகிறது. ஒரு கை நெஞ்சில் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடலாம் என்று இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டினேன். அடுத்த பாலமான பாதிரியார் ஓடையடியில் காற்று பனியைக் கொண்டுவந்து றோட்டை மூடியிருந்தது. முன்னுக்கும் ஏலாது, பின்னுக்கும் ஏலாது. வேறு வாகனம் ஒன்றும் இல்லை. அப்போது என்னிடம் இருந்தது பட்டன் போன், இடம் காட்டுகிற வித்தை ஒன்றும் அதற்குத் தெரியாது. அவசர இலக்கத்துக்கு அடித்தேன். ஒரு பெண்பிள்ளை எடுத்து எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் சொல்லத் தெரியாது.

இறங்கி ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தேன். பனி தள்ளுகிற வாகனம் இடித்திருக்கவேண்டும், கம்பம் மட்டும் நின்றது. கையால் கிண்டிப் பார்த்தேன், பலகை இல்லை. போனில், பாதிரியார் ஆறு என்று இங்கிலீசில் சொன்னேன். அப்படி ஒரு ஆறு வரைபடத்தில் இல்லை என்றது அந்தப் பிள்ளை. மஞ்சள் ஆற்றுக்குப் பிறகு என்றேன். அதுவும் இல்லை. கிழவி ஆறு என்றேன். அந்தப் பிள்ளை, பாதிரியார் என்றால் தேவாலயத்துக்குப் பக்கத்திலா நிற்கிறீர்கள் என்று ஆறுதலாகக் கேட்டது. அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. நான் பாதிரியார், பாதிரியார் என்று கத்தினால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் அந்தப் பகுதியில் இருந்த ஒரே தேவாலயம் மலைக்கு மற்றப் பக்கம். ஆம்புலன்ஸ் அங்கே போனால் அண்ணை இங்கே முடிந்துவிடுவார்.

அண்ணையின் சட்டைப் பையில் இருந்து அவருடைய போனை எடுத்தேன். என் போனை வலக்காதில் வைத்துக்கொண்டு, அவருடையதில் மோராக் அம்மாவுக்கு அடித்தேன். அண்ணைக்கு நெஞ்சு நோ, பாதிரியார் ஓடையில் நிற்கிறோம் என்றேன்.

அவர் ஐயோ என்று ஒரு சொல் சொல்லவில்லை. "பாதிரியார் ஓடை ரெண்டு கிடக்கு. உனக்கு மேல நிக்கிற பாறை என்ன பாறை?" என்று கேட்டார்.

நிமிர்ந்து பார்த்தால் எல்லாம் வெள்ளை. எந்தப் பாறை என்று எனக்கெப்படித் தெரியும்? இத்தனை வருடம் அவர் சொன்னதை எல்லாம் பகிடி பண்ணிக்கொண்டு வந்தவன். அண்ணையிடம் குனிந்து கேட்டேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அண்டங்காகப் பாறை. இடக்கைப் பக்கம்" என்றார்.

காகம், பெரிய காகம், இடது பக்கம் என்று நான் மோராக் அம்மாவுக்கு இங்கிலீசில் சொன்னேன். அவர் உடனே இரண்டு பெயரைச் சொன்னார், ஓடைக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று. அதைத் திருப்பிச் சொல்ல என் வாய்க்கு ஏலவில்லை. அதனால் இரண்டு போனையும் சேர்த்து, ஒன்றின் காதை மற்றதன் வாயில் வைத்துப் பிடித்தேன். இரண்டு பெண்களும் ஆளை ஆள் காணாமல் கதைத்தார்கள். மோராக் அம்மா எழுத்தெழுத்தாகச் சொல்லுவது கேட்டது. கை விறைத்துவிட்டது, ஆனால் எடுக்கவில்லை.

ஹெலிகொப்ரர் வந்தது. அண்ணையைக் கட்டிலோடு தூக்கும்போது அவர் என் கையைப் பிடித்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அது அவருடைய வாழ்க்கையின் கடைசி வார்த்தையாகப் போயிருக்கலாம். "நண்டுக்குச் சாக்கு மாத்து" என்றார்.

மாற்றினேன். ஒன்றும் சாகவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு மோராக் அம்மா வந்தார். சுகம் விசாரிக்க வந்தார் என்று அண்ணை எழும்பி இருக்கப் பார்த்தார். அவர் வந்தது ஏச. உனக்கு நான் இத்தனை வருடம் தேத்தண்ணி ஊற்றிச் சொல்லித் தந்தேன், நீ சதையை எடுத்துக்கொண்டு மேலோடான கோதை எறிந்துவிட்டாய், கோது இல்லாமல் எந்த நண்டென்று யார் சொல்லுகிறது என்று கேட்டார். அண்ணை தலையணையில் படுத்தபடியே, அந்த ஓடையின் பெயரை ஒருக்கால் சொல்லுங்கோ என்றார். மோராக் அம்மா சொன்னார். அவுல்ட் அன் தாகர்ஷ்ட். அண்ணை திருப்பிச் சொன்னார். என்னையும் சொல்லவைத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் தாதியைக் கூப்பிட்டார்.

அன்றில் இருந்து அண்ணை பெயர்களைப் பாடமாக்கத் தொடங்கினார். கடையில் மீன் நிறுத்துக்கொண்டே சொல்லுவார். கிரேக் அன் ஈயிஹ், அண்டங்காகப் பாறை. சனம் அண்ணைக்குச் சளி என்று நினைத்தது. ஒரு அம்மா கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொண்டுவந்து கொடுத்தார். றீற்றா அக்கா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆள் நித்திரையிலயும் காறுகிறார், டொக்டரிட்டக் காட்டுவமோ என்று கேட்டார். நான் காட்டுவோம் என்றேன்.

டொக்டர் தூரப் பயணம் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார். பிறகு நான் தனியே போனேன். அண்ணை கடையில் இருந்து போனில் கூட வருவார். ஒவ்வொரு பாலத்திலும் நான் பெயரைச் சொல்லவேண்டும், அவர் கருத்தைச் சொல்லுவார். பிழைத்தால் திரும்பச் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒருநாளும் நடக்காதது இது. இப்போது என்னைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் துறைமுகத்தில் இருந்து கிளாஸ்கோ மட்டும் சொல்லுவேன்.

போன மாரியில் அவருக்குத் திரும்பவும் நெஞ்சு நோ தொடங்கியது. இந்தமுறை லண்டன் ஆஸ்பத்திரி. நான் கடை பூட்டிவிட்டுப் போவேன். அவருக்கு நோயைப்பற்றிக் கதைக்க விருப்பம் இல்லை. "எங்கை நிக்கிறம்?" என்று கேட்பார். நேற்று விட்ட இடத்தில் இருந்து நான் சொல்லவேண்டும். கறுப்பு ஓடை தாண்டியாச்சு. கிழவி ஓடையில் நிற்கிறோம். சாக்கு மாத்தினியோ என்பார். ஓம் அண்ணை என்பேன். ஷாமினி முதலில் அழுதாள், பிறகு அவளும் பக்கத்தில் இருந்து கேட்கத் தொடங்கினாள். கடைசியாக நான் போன பின்னேரம் மஞ்சள் ஓடைக்கு வந்திருந்தோம். அதன் பெயரை நான் சொன்னேன். அவர் பிழை பிடிக்கவில்லை. "இனி நீயே ஓட்டு" என்றார். நான் ஓம் என்றேன். அடுத்தநாள் விடுமுறை எடுத்துக் கிங்ஸ்பரிக்குப் போனதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

அடக்கத்துக்கு மோராக் அம்மா தனியே ரெயின் ஏறி வந்தார். எண்பது தாண்டிவிட்டது, இடுப்பு ஒரு பக்கம் சரிந்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. மாதா கோயில் சுவாமியார் மந்திரம் சொன்னார், எல்லோரும் மண் போட்டோம். மோராக் அம்மாவும் போட்டார். சனம் கலைந்த பிறகும் அவர் போகவில்லை. மயானத்து வேலிக்கு அங்கால் ஒரு சின்ன ஓடை இருக்கிறது. மண்ணிறத் தண்ணீர், கரையில் முட்செடி. அதைக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்.

ஒருவருக்கும் தெரியாது. சுவாமியாருக்குத் தெரியாது. குழி வெட்டுகிறவர்களுக்கும் தெரியாது. ஷாமினி போனில் தேடினாள். நீலக் கோடு ஒன்று இருந்தது, பெயர் இல்லை. நான் வாயைத் திறந்தேன், ஒரு பகிடிப் பெயர் நுனிநாக்கில் இருந்தது, ஆனால் அன்றைக்கு வரவில்லை.

"எந்த ஓடையைக் கண்டாலும் பேர் கேட்ட மனுசன். பேர் தெரியாத ஒண்டுக்குப் பக்கத்தில வைச்சிட்டம்" என்றார் மோராக் அம்மா. நடந்த அத்தனையிலும் அவர் கண் கலங்கியது அதற்குத்தான். நாங்கள் ஒரு பெயர் வைத்தால் என்ன என்று ஷாமினி கேட்டாள். இல்லை, இதற்கு ஏற்கனவே இருக்கும், கேட்டுப் பார்க்கவேண்டும் என்றார்.

செபமாலை அண்ணை, நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கவுன்சிலிலும் கேட்டாயிற்று, மயானத்துக்குப் பின்னால் நாய் கொண்டு நடக்கிற கிழவர்களிடமும் கேட்டாயிற்று. கிடைத்ததும் பெயரையும் கருத்தையும் சேர்த்தே கொண்டுவந்து சொல்லுகிறேன். நீங்கள் ஆறுதலாக இருங்கோ. கடையை நான் பார்க்கிறேன். போயிட்டு வாங்கோ அண்ணை.

அடக்கத்தன்று எல்லோரும் போன பிறகு, அந்த ஓடைத் தண்ணீர் றோட்டுக்குக் கீழே குழாய்க்குள் போகிற இடத்தில் ஏதாவது பலகை இருக்கிறதோ என்று பார்க்க நான் வேலியைத் தாண்டி இறங்கினேன். பலகை இல்லை. வலது கால் சேற்றில் இறங்கியது. காலை எடுத்தேன், சப்பாத்து வரவில்லை. தடியால் கிண்டியபோது அது மேலே வந்து, கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, குழாய்க்குள் போனது. றோட்டுக்கு மற்றப் பக்கம் போய்க் காத்து நின்றேன். வரவில்லை. ஒரு சப்பாத்தோடு பஸ் ஏறி வால்தம்ஸ்டோவில் இறங்கினேன். பஸ்ஸில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.